டிரம்முல ஒரே ஒரு புழு

வாங்க அம்மணி, வாங்க. கொசுப்புழுப் பாக்கத்தானுங்க வந்தீங்க? அந்த டார்ச்சைப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. பட்டப்பகல்ல டார்ச்சை எரியவிட்டுக்கிட்டு வர்றவங்க கார்ப்பரேசனைத் தவிர வேற யாரு இருக்கறாங்க? செருப்பெல்லாம் கழட்ட வேண்டாம். இந்தச் சேர்ல உக்காருங்க. அய்யோ, அதுல வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க.

ஊட்டுல எத்தனை பேருன்னு எழுதணுங்களா? ரெண்டுன்னு எழுதிக்கங்க. நானு, வெள்ளியங்கிரி. என்ற ஊட்டுக்காரி, மருதாத்தா. அவ எங்கன்னு பாக்கறீங்களா? இருக்கறா, அந்தா, அந்தச் சுவத்துக்கு அந்தப்பக்கட்டு. ஆளு ஒசரச் சுவருதான், தும்முனாக் கேக்கும். அது அவ தம்பி கிட்டுசாமி ஊடு. பொங்கலன்னிக்குப் போனவ, இன்னிக்கோட இருபத்தெட்டு நாளாச்சு. இருந்தாலும் நீங்க ரெண்டுன்னே எழுதிக்கங்க. ரேசன் கார்டுலயும் ரெண்டுதான்.

டிரம்மெல்லாம் பொடக்காளியில இருக்குதுங்க, ஊட்டுக்குப் பின்னால. ஒம்பது டிரம். நீலக் கலரு, ஒவ்வொண்ணும் எரநூறு லிட்டரு. இருங்க, இருங்க, எந்திரிக்காதீங்க. நீங்க பாட்டுக்குப் போயி டார்ச் அடிச்சு, மருந்து ஊத்தி, 'இதையெல்லாம் கவுத்துருங்க தாத்தா'ன்னு சொல்லிப்போட்டுப் போயிருவீங்க. மொதல்ல விசயத்தைக் கேளுங்க. தீர்ப்புச் சொல்றவங்க ரெண்டு பக்கத்தையும் கேக்கணும். ஒரு பக்கம் நானு. இன்னொரு பக்கத்தையும் நானே சொல்லிடறேன், உங்களுக்கு அலைச்சல் மிச்சம்.

நான் முப்பத்தாறு வருசம் நூல் மில்லுல குவாலிட்டி கன்ட்ரோல்ல இருந்தவனுங்க. ஓடற நூலுல ஒரு எடத்துல ஒரு முடிச்சு தடிப்பா இருந்தாலும் பத்தடி தள்ளி நின்னு சொல்லிப்போடுவேன். என்ற கண்ணுக்கு எதுவும் தப்பாது. மில்லுல என்னைக் 'கண்ணாடி வெள்ளியங்கிரி'ன்னுதான் கூப்புடுவாங்க. நான் கண்ணாடி போட்டிருந்ததால அப்படிக் கூப்புட்டாங்கன்னு கிட்டு சொல்லுவான். அவன் பேச்சை விடுங்க, அவன் மளிகைக்கடைக்காரன்.

போன கோடையில நம்ம காலனிக்குப் பன்னெண்டு நாளைக்கு ஒருக்காத்தான் தண்ணி வந்துது, ஞாபகம் இருக்குதுங்களா? மருதா பாத்திரம் கழுவுன தண்ணியை எடுத்து எடுத்து மல்லிச்செடிக்கு ஊத்திக்கிட்டு இருந்தா. பொடக்காளியில கத்திரி இருந்துது, தக்காளி இருந்துது, செவ்வந்தி இருந்துது. ஆனா அவளுக்கு உசுரு அந்த மல்லிச்செடிதான். கண்ணாலமான புதுசுல அவங்க அம்மா ஊட்டுல இருந்து ஒரு குச்சியை ஈரத்துணியில சுத்திக் கொண்டாந்து நட்டது. நாப்பது வருசமாப் பூத்துக்கிட்டு இருந்துது. அது வாடறதைப் பாத்து அவ மொகம் வாடுச்சு. அவ மொகம் வாடறதைப் பாத்து எனக்கு ஒரு ரோசனை வந்துது.

மாடியில பெய்யற மழை பூராக் குழாய் வழியாத் தெருவுக்குத்தான போகுது? அதைப் புடிச்சு வெச்சா என்ன?

உடனே கெளம்பி உக்கடத்துக்குப் போனேன், பழைய டிரம் விக்கற கடைக்கு. கிட்டுவும் ஒட்டிக்கிட்டான். நான் ஒம்பது எடுத்தேன், அவன் ரெண்டு எடுத்தான். மூடியைத் தொறந்தா என்ன வாசம்ங்கறீங்க! நாக்குல எச்சில் ஊறிப்போச்சு. கடைக்காரரு சொன்னாரு, 'மாங்கா ஊறுகாய் வந்த டிரம்முங்க. சாப்பாட்டுச் சாமான் வந்தது, பயமில்லை. ஒரு நாலஞ்சு தடவை நல்லாக் கழுவிட்டு வெச்சுக்கங்க'ன்னாரு.

அங்கதானுங்க எனக்குச் சுருக்குன்னுது. 'ஏனுங், நான் டிரம் வாங்கறதே தண்ணியை மிச்சம் பண்றதுக்கு. அந்த டிரம்மைக் கழுவறதுக்கே தண்ணியைக் கொட்டுனா, நான் மிச்சம் பண்ணது என்ன?'ன்னு கேட்டேன். ஒரு டிரம்முக்கு மூணு குடம். அஞ்சு தடவை கழுவணும். ஒம்பது டிரம். எத்தனை ஆச்சு? நூத்தி முப்பத்தஞ்சு குடம்! அவரு என்னைக் கொஞ்ச நேரம் பாத்தாரு. 'நீங்க வாத்தியாருங்களா?'ன்னாரு. 'குவாலிட்டி கன்ட்ரோல்'னேன். ஒடனே பில்லைப் போட்டுக் கையில குடுத்துட்டாரு.

கிட்டு என்ன பண்ணுனாங்கறீங்க? ரெண்டு டிரம்மையும் ஒரு வாரம் கழுவுனான். புளி போட்டுத் தேய்க்கறதென்ன, சீயக்காய் போட்டுத் தேய்க்கறதென்ன, படுக்கப்போட்டு உருட்டறதென்ன, வெயில்ல கவுக்கறதென்ன. பச்சைக்கொழந்தையைக் குளிப்பாட்டற மாதிரி. நான் ஸ்டூல் மேல ஏறி நின்னு, சுவத்துமேல நோட்டை வெச்சுக்கிட்டு ஒவ்வொரு குடத்துக்கும் ஒரு கோடு போட்டேன். அறுபத்திரெண்டு கோடு! அந்த நோட்டு இன்னும் இருக்குது, வேணும்னாக் காட்டறேன். வேண்டாமா? சரி.

என்ற டிரம்முல அடியில ஒரு விரக்கடை ஒசரத்துக்கு வெள்ளையா, கல்லுக் கல்லா என்னமோ படிஞ்சிருந்துது. கிட்டு எட்டிப்பாத்து, 'மச்சான், அது வந்து...'ன்னு ஆரம்பிச்சான். 'தெரியும்டா, படிகாரம்'னேன். கலங்கல் தண்ணி தெளியறதுக்குப் போடறதுதானுங்க? ஊறுகாய்க் கம்பெனிக்காரன் சும்மாவே குடுத்திருக்கறான், அதைப் போயிச் சொரண்டி எறியறதா? கிட்டு தலையில அடிச்சுக்கிட்டான். அப்படியே உள்ள போயிட்டான். விசயம் தெரிஞ்சவன்கிட்டப் பேச முடியாதில்லீங்க.

ஐப்பசியில மழை ஊத்துச்சு பாருங்க! ஒரே சாயங்காலத்துல ஒம்பது டிரம்மும் ரொம்பிப்போச்சு. நான் கொடையைப் புடிச்சுக்கிட்டு ஒரு டிரம்முல இருந்து இன்னொரு டிரம்முக்குக் குழாயை மாத்தி மாத்தி வெச்சேன். மருதா உள்ள இருந்து, 'ஏனுங், சளி புடிக்கும், உள்ள வாங்க'ன்னு கத்தறா. 'ஆயிரத்தெண்ணூறு லிட்டரு!'ன்னு நான் கத்தறேன். அன்னிக்கு மாதிரி ஒரு சந்தோசம் எனக்கு ரிட்டயர்டு ஆனதுக்கப்புறம் வந்ததில்லைங்க, மெய்யாலுமே.

மழை நின்னு, கார்த்திகை கடைசியில டிரம் தண்ணியை ஊத்த ஆரம்பிச்சேன். கத்திரிக்கு ஒரு குடம், தக்காளிக்கு ஒரு குடம், மல்லிச்செடிக்கு மட்டும் ரெண்டு குடம். அவளுக்குப் புடிச்ச செடியில்லீங்களா? நானே என்ற கையால தெனமும் காலையில ஊத்துவேன்.

பத்து நாள்ல கத்திரி எலையெல்லாம் ஓரத்துல கருகுச்சு. எனக்கு உடனே புரிஞ்சுபோச்சு. கண்ணு! கிட்டுவோட கண்ணு. ரெண்டு டிரம் வெச்சிருக்கறவன் ஒம்பது டிரம்மைப் பாத்தா வயிறு எரியுமா எரியாதா? ஒரு பூசணிக்காயில மொகம் வரைஞ்சு சுவத்தைப் பாத்த மாதிரிக் கட்டித் தொங்கவிட்டேன். மீசை மட்டும் கிட்டு மீசை மாதிரியே அமைஞ்சுபோச்சு, அது தானா வந்தது. செடிக்குத் தெம்பு பத்தலைன்னு ஆளுக்கு ஒரு குடம் சேத்தி ஊத்துனேன். தக்காளியும் கருகுச்சு. பாருங்க, எப்படிப்பட்ட கண்ணு!

ஆனா மண்ணு இருக்குது பாருங்க, அது நெம்ப நல்லா ஆயிருச்சு. காலையில வெயில் படறப்ப மண்ணுமேல வெள்ளையாப் பூத்து மின்னும். சத்தெல்லாம் மேல வருதுன்னு மருதாகிட்டச் சொன்னேன். அவ குனிஞ்சு ஒரு விரல்ல தொட்டு நாக்குல வெச்சுப் பாத்தா. என்னை ஒரு பார்வை பாத்தா. 'ஏனுங், இது உப்பு'ன்னா.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. 'ஏ மருதா, மழைத்தண்ணியில உப்பு எங்கிருந்து வரும்? கடலுக்கு மேல பெய்யற மழையே உப்புக் கரிக்கறதில்லை, இது கோயமுத்தூர்ல பெய்யற மழை'ன்னு வெளக்கமாச் சொன்னேன். அவ விரலை முந்தானையில தொடைச்சுக்கிட்டு உள்ள போயிட்டா. நான் எதையும் பொறுமையா எடுத்துச் சொல்லுவேனுங்க, அதான் எங்க ஊட்டுல சண்டையே வராது.

டிரம் தண்ணியோட சுத்தத்துக்கு இன்னொரு அத்தாட்சி சொல்றேன், கேளுங்க. தெக்கு வீதியில பால்காரரு மாடு நாலு இருக்குதுல்லீங்க? அந்த நாலும் தெனமும் நம்ம பொடக்காளிக் கேட்டை முட்டித் தள்ளிக்கிட்டு வந்து டிரம்மைச் சுத்தி நக்குதுங்க. கிட்டு ஊட்டு டிரம்மை ஒரு மாடு திரும்பிப் பாக்கணுமே! மாட்டுக்குத் தெரியுது நல்ல தண்ணி எதுன்னு, மனுசனுக்குத் தெரியமாட்டேங்குது.

இப்ப நீங்க கோவிச்சுக்கக்கூடாது, ஒரு கொறை சொல்லணும். உங்களுக்கு முன்னால ஒருத்தரு கார்ப்பரேசன்ல இருந்து வந்தாரு. கொசுப்புழுவைத் திங்கற மீனுன்னு ஒரு பாக்கெட்டுல நாப்பது மீனு குடுத்தாரு. நான் பாகம் பிரிச்சு எல்லா டிரம்முலயும் விட்டேன். விட்டதும் ஒவ்வொண்ணும் ஒரு அடி ஒசரம் எகிறிக் குதிச்சுதுங்க. 'பாருங்க, எத்தனை சந்தோசம்'னு அவருகிட்டக் காட்டுனேன். கால் மணி நேரத்துல நாப்பதும் மல்லாந்து மெதக்குது! நான் அவரை ஒண்ணும் சொல்லலை. வர்ற வழியிலயே சீக்குப் புடிச்சிருக்கும். நீங்க ஆபீசுல சொல்லி நல்ல மீனா அனுப்பச் சொல்லுங்க.

கசங்குன மொகமா இருக்கறீங்களே, மோர் வேணுங்களா? அப்பறமா? சரி, கேளுங்க.

மார்கழியில ஒரு நாள் மருதா ரசம் வெச்சா. வாய்ல வெச்சதும் நான் அசந்துபோயிட்டேன். நாப்பது வருசத்துல அப்படி ஒரு ரசம் அவ வெச்சதில்லை. 'என்னடி பண்ணுன?'ன்னேன். 'உங்க டிரம் தண்ணி பாதி, குழாய்த் தண்ணி பாதி. உப்பு ஒரு கல்லுகூடப் போடலைங்க'ன்னா. என்ற மொகத்தையே பாத்துக்கிட்டு நின்னா. எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சு அம்மணி. உப்பே போடாம இத்தனை ருசியா! 'பாத்தியா? மழைத்தண்ணிக்குன்னு ஒரு ருசி இருக்குது, அதுக்கு உப்புக்கூட வேண்டியதில்லை'ன்னு ரெண்டாந்தடவை வாங்கி ஊத்திக்கிட்டேன். அவ தலையில கையை வெச்சுக்கிட்டு உக்காந்துட்டா. பாராட்டுனா அவளுக்குக் கூச்சம்.

அதுலதானுங்க எனக்குப் பொங்கலுக்கு அந்த ரோசனை வந்துது.

பொங்கலன்னிக்கு ஒரம்பரை, சொந்தக்காரங்க பதினஞ்சு பேரு. சூலூர்ல இருந்து மருதாவோட பெரியப்பா வந்திருந்தாரு, எம்பத்திரெண்டு வயசு. மருதா வாசல்ல கோலம் போட்டு, புதுப்பானையில தண்ணியை ஊத்தி வெச்சுப்போட்டு மஞ்சக்கொத்து எடுக்க உள்ள போனா. நான் சத்தமில்லாம அந்தத் தண்ணியைக் கொட்டிப்போட்டு, டிரம் தண்ணியை மொண்டு ஊத்துனேன். கொட்டுன தண்ணியும் வீணாகலைங்க, அதை வாளியிலதான் கொட்டுனேன். பாதி கலந்ததுக்கே அந்த ருசின்னா, முழுசா ஊத்துனா எப்படி இருக்கும்? அவளுக்கு ஒரு ஆச்சரியமா இருக்கட்டும்னு பண்ணுனேன். மெய்யாலுமே அவ சந்தோசப்படணும்னுதான் பண்ணுனேன்.

பொங்கல் கெழக்குப் பக்கம் பொங்கி வழிஞ்சுது. நல்ல சகுனம். வெல்லம், நெய்யி, முந்திரி எல்லாம் போட்டு, சூரியனுக்குப் படைச்சு, மொதல் வாய் பெரியப்பாவுக்குக் குடுத்தோம். வாய்ல வெச்சவரு முழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. அப்படியே சூரியனைப் பாத்துக்கிட்டு இருக்கறாரு. ரெண்டு கண்ணுல இருந்தும் தண்ணி தாரை தாரையா ஊத்துது. நான் பக்தின்னு நெனச்சேன். கையெடுத்துக் கும்புட்டேன்.

அப்பறம் ஒவ்வொருத்தரா எந்திரிச்சு வேலியோரம் போறாங்க. ஒருத்தருகூடத் திரும்பி வந்து எலையில உக்காரலை. பால்காரரு மாடு மட்டும் எப்படியோ வந்து ஒரு எலையைக் காலி பண்ணிப்போட்டு அடுத்த எலைக்குப் போகுது. நான் எல்லாத்துக்கும் கேக்கற மாதிரி, 'இந்த வருசம் வெல்லம் சரியில்லை'ன்னேன். மருதா ஒரு விரல்ல எடுத்து நாக்குல வெச்சா. என்னைப் பாத்தா. 'டிரம்மா?'ன்னு கேட்டா. அவ்வளவுதான் கேட்டா.

'உனக்கு ஒரு சந்தோசத்துக்கு...'ன்னேன்.

அவ கத்தலைங்க. கத்தியிருந்தாப் பரவால்லை. நேராப் பொடக்காளிக்குப் போனா. மல்லிச்செடி பூராக் கருகிக் கெடந்துது. அதுல தேடித் தேடி ஒரே ஒரு கொம்புல பச்சை இருக்கறதைக் கண்டுபுடிச்சு, அதை ஒடிச்சு, ஈரத்துணியில சுத்துனா. 'இந்த டிரம்மு இப்படியே இருக்கற வரைக்கும் நான் இந்த வாசப்படி ஏறமாட்டேன்'னு சொல்லிப்போட்டு, பதினஞ்சு பேரு பாத்துக்கிட்டு இருக்கறப்ப, நம்ம கேட்டு வழியா வெளிய போயி அந்தக் கேட்டு வழியாத் தம்பி ஊட்டுக்குள்ள போயிட்டா. பன்னெண்டு அடி தூரம். நான் எதையோ சொல்லணுமேன்னு, 'டிரம்மு போனா நானும் போயிருவேன்'னு சொல்லிப்போட்டேன். வாய் தவறி வந்துருச்சு. பெரியப்பா மட்டும் தண்ணி கேட்டுக்கிட்டே இருந்தாரு.

இருபத்தெட்டு நாளாச்சு. சோறு? சோறு வருதுங்க. அதுல ஒரு கொறையும் இல்லை. மூணு வேளையும் தூக்குப்போசி சுவத்துமேல டங்குன்னு வந்து உக்காரும். கை மட்டும் தெரியும், வளையல் தெரியும், மொகம் தெரியாது. ஆனா பாவம், அவளுக்கு மனசு சரியில்லை. எதுலயும் உப்புப் போட மறந்துடறா. சாம்பாருல உப்பில்லை, பொரியல்ல உப்பில்லை, சட்டினியிலயும் இல்லை. நான் கொறை சொல்லலைங்க. டிரம் தண்ணி ரெண்டு கரண்டி எடுத்து ஊத்திக்குவேன். ஊத்துனதும் அப்படியே சோத்துக்கு உசுரு வந்துரும்.

அதென்னங்க சத்தம், சுவத்துக்கு அந்தப்பக்கட்டு? யாரோ சிரிக்கற மாதிரி? கிட்டுவாத்தான் இருக்கும். சித்த மெதுவாப் பேசுவோம்.

ஒண்ணு சொல்றேன் அம்மணி, யாருகிட்டயும் சொல்லாதீங்க. முந்தாநாளு ஸ்டூல் போட்டு எட்டிப்பாத்தேன். அந்த மல்லிக்கொம்பை ஒரு டப்பாவுல நட்டு வெச்சிருக்கறா. ரெண்டு எலை விட்டிருக்குது. அது என்ற மழைத்தண்ணி குடிச்ச கொம்பு, அந்தத் தெம்புதான். அவ பக்கத்துல உக்காந்து அதைப் பாத்துக்கிட்டே இருந்தா. நானும் அவளைப் பாத்துக்கிட்டே இருந்தேன். ஸ்டூல் ஆடுச்சு, எறங்கிட்டேன். எங்க ஊட்டுல இருக்கற எதுக்கும் நாலு காலும் சரியா இருக்கறதில்லை. அதையெல்லாம் அவதான் அட்டையை மடிச்சு முட்டுக் குடுத்து வெப்பா.

அதனால விசயத்துக்கு வர்றேன். டிரம்முல ஒரு குத்தமும் இல்லை. அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனா நானா டிரம்மைத் தூக்குனா, கிட்டு முன்னால நான் தோத்த மாதிரி ஆயிரும். அரசாங்கமே சொல்லிப்போட்டா? 'புழு இருக்குது, டிரம்மை ஒடனே எடுக்கணும்'னு நீங்க ஒரு உத்தரவு எழுதுங்க. நான் கொஞ்ச நேரம் கத்துவேன். 'எடுக்க முடியாது, எங்க வேணாப் போயிச் சொல்லு'ன்னு சத்தம் போடுவேன். நீங்க அதைக் கண்டுக்கக்கூடாது. நீங்களும் ரெண்டு சத்தம் போடுங்க. அப்பறம் நான், 'சரி, சட்டம்னு ஒண்ணு இருக்குதே'ன்னு எறங்கி வந்துடறேன். அவ ஊட்டுக்கு வந்துருவா. எல்லாத்துக்கும் மரியாதை.

வாங்க, பொடக்காளிக்குப் போலாம். பாத்து வாங்க, வழுக்கும். அந்தப் பூசணிக்காயைப் பாத்து பயந்துக்காதீங்க, அழுகிப்போச்சு. மீசை மட்டும் அப்படியே இருக்குது பாருங்க. இதுதான் மொத டிரம். அடிங்க டார்ச்சை. இல்லீங்களா? சரி, அடுத்ததுல பாருங்க. அதுலயும் இல்லையா? நல்லா ஆழமாப் பாருங்க, அடியில ஒளிஞ்சிருக்கும். மூணாவதுல? நாலு? அஞ்சு?

ஒம்பதுலயும் ஒண்ணுகூட இல்லையா?

எப்படீங்க இல்லாமப் போகும்? காலனி பூராக் கொசுவாக் கெடக்குது, என்ற டிரம்முல மட்டும் முட்டை வெக்கறதுக்கு என்ன கேடு அதுகளுக்கு? அம்மணி, ஒரு புழு. ஒரே ஒரு புழுன்னு எழுதுங்க. நான் எந்தக் காலத்துல யாருகிட்டக் கெஞ்சியிருக்கறேன்? கிட்டு ஊட்டு டிரம்முல ஒண்ணு இருந்தா எடுத்தாந்து இதுல விடட்டுங்களா? பொய் எழுத மாட்டீங்களா? அய்யோ, எல்லாரும் இப்படியே இருந்தா நாடு எப்படீங்க முன்னேறும்?

இருங்க, என்ன பண்றீங்க? விரலை விட்டு நாக்குல வெக்கறீங்க? ஏன் அப்படி மூஞ்சி போகுது?

உப்பா? நீங்களுமா? மழையில எங்கிருந்து உப்பு வரும்னு நான்தான் சொன்னேனே... ஊறுகாய் டிரம்முங்களா? ஆமா. கழுவுனனாவா? அதான் சொன்னேனே, தண்ணி வீணாகும்னு... அடியில இருந்தது... படிகாரம்...

ஒரு நிமிசம் இருங்க. இருபத்தெட்டு நாளாச் சோத்துல ஊத்தித் திங்கறேன், தனியா ஒரு வாய் குடிச்சுப் பாத்ததில்லை. அந்தச் சொம்பைக் குடுங்க.

தூ! தூ! அடக் கடவுளே!

மாடு. அதான் மாடு. மீனு எகிறிக் குதிச்சது சந்தோசத்துல இல்லை. பெரியப்பா... அய்யோ பெரியப்பா, எம்பத்திரெண்டு வயசு. உப்பு ஒரு கல்லுகூடப் போடலைன்னு அவ என்ற மொகத்தைப் பாத்துச் சொன்னா அம்மணி. நான் ரெண்டாந்தடவை ஊத்திக்கிட்டேன்.

அப்போ மல்லிச்செடியைக் கொன்னது கிட்டு கண்ணு இல்லை. நானு. எல்லாச் செடிக்கும் ஒரு குடம், அதுக்கு மட்டும் ரெண்டு குடம். அவளுக்குப் புடிச்ச செடின்னு. நாப்பது வருசம்... என்ற கையாலயே ஊத்துனனே. எனக்குச் சேர் எடுத்தார்றீங்களா? இல்லை, சேர் வேண்டாம். நிக்கறேன்.

கிட்டுதான் ராத்திரியில சுவரேறி வந்து உப்பைக் கொட்டிப்போட்டான்னு எழுதுனா என்ன? அவன் மளிகைக்கடைக்காரன், அவன்கிட்ட உப்பு மூட்டை மூட்டையா... வேண்டாம். வேண்டாம். அப்படி எழுதுனா அவ ஏழு சென்மத்துக்கும் வரமாட்டா.

எழுதுங்க. 'வெள்ளியங்கிரி டிரம்மைக் கழுவலை.' அவ்வளவுதான், அப்படியே எழுதுங்க. எழுதிட்டீங்களா? இப்ப சத்தமாப் படிங்க. இன்னும் சத்தமா. சுவத்துக்கு அந்தப்பக்கட்டு கேக்கணும். உங்களுக்குத் தொண்டை பத்தலைன்னா விடுங்க, நானே சொல்றேன். ஏ மருதா! நான் டிரம்மைக் கழுவலை! உப்புத்தான்! நீ சொன்னது சரி! உன்ற செடியை நான்தான் கொன்னுபோட்டேன்! கிட்டு, நீயும் கேட்டுக்கோடா!

சிரிச்சுக்கிட்டு இருந்தவங்ககூட நிறுத்திட்டாங்க.

கேட்டுச் சத்தம் கேக்குதுங்களா? அந்தக் கேட்டு. இப்ப இந்தக் கேட்டு. அம்மணி, திரும்பிப் பாருங்க, அவதான். ஒரு கையில தேங்காநாரு, இன்னொரு கையில... இத்தனை பெரிய குழாயை எங்கிருந்துடி இழுத்துக்கிட்டு வர்ற? கிட்டு ஊட்டுல இருந்தா? தண்ணியைத் தொறந்துவிட்டுட்டேவா வர்ற? ஏ மருதா, மெதுவா, மெதுவா, அத்தனை தண்ணி எதுக்கு, ஒரு டிரம்முக்கு ரெண்டு சொம்பு போது...

சரி. சரி, முறைக்காத. ஊத்து. உன்ற இஷ்டத்துக்கு ஊத்து. நான் உருட்டித் தர்றேன்.